அடுத்த தொற்று வந்தால் என் சமையல் தொழில் தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. திருச்சியில் திருமணச் சமையல் ஒப்பந்தத் தொழில் செய்கிறேன். மாஸ்டர் உட்பட ஆறு பேர் நிரந்தரமாக வேலை பார்க்கிறார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் பதினோரு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. வாங்கிய முன்பணத்தைப் பாத்திரங்களில் போட்டிருந்ததால், அதைத் திருப்பித் தர மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி, பிறகு அதை அடைக்க வேனை விற்றேன். ஏழு மாதம் வேலை இல்லை. இப்போது வங்கியில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது; அதில் 2.8 லட்சம் வரும் முகூர்த்தங்களுக்கு வாங்கிய முன்பணம். வீட்டுக் கடன் பாக்கி 10 லட்சம், தவணை 14,000. எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. ஆஸ்துமா உள்ள என் அம்மாவுக்கு (71) இல்லை. இன்னொரு சுவாசத் தொற்று வந்தால் சமாளிக்க, 3 லட்சத்தை மருந்து நிறுவனப் பங்கு நிதியில் போட்டு, ஓர் ஆக்சிஜன் செறிவூட்டியும் வாங்கி வைக்கலாமா? தொழில் முடக்கத்துக்கு ஏதாவது காப்பீடு கிடைக்குமா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். உங்களிடம் இருப்பது 9 லட்சம் அல்ல, 6.2 லட்சம். பந்தியில் இலை விழும் வரை முன்பணம் பெண் வீட்டாருடைய பணம்தான். 2020இல் உங்களைச் சாய்த்தது நோயோ மருத்துவமனைச் செலவோ அல்ல. பிறர் பணம் உங்கள் அண்டாக்களாக மாறியிருந்த நேரத்தில் அதைத் திருப்பிக் கேட்டார்கள் என்பதே. ஆகவே முன்பணத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள்; மளிகை வாங்கும் வாரத்தில் மட்டும் அந்தந்தக் கல்யாணத்துக்கு உரிய தொகையை அதிலிருந்து எடுங்கள். ஒப்பந்தத் தாளில், அரசு உத்தரவால் விழா நடக்க முடியாமல் போனால் தேதியை மாற்றிக் கொள்ளலாமா, எவ்வளவு திரும்பக் கிடைக்கும், அதற்குள் வாங்கிவிட்ட சரக்கின் செலவு யாருடையது என்பதை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படி எழுதாத இடத்தில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் பேசும்: நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிறது என்கிறது பிரிவு 56, செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 65.

தொழில் முடக்கக் காப்பீட்டைப் பொறுத்தவரை, உங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு நம் ஊரில் அதை நம்பித் திட்டமிட முடியாது. தீ விபத்துப் பாலிசியோடு சேர்த்து விற்கப்படும் வருமான இழப்புக் காப்பீடு, கட்டடத்துக்கோ பொருளுக்கோ சேதம் ஏற்பட்டால்தான் பணம் தரும். சமையற்கூடம் முழுசாக இருந்து கல்யாணம் மட்டும் நின்று போனால் தராது. 2003இல் சார்ஸ் பரவிய பிறகு உலகெங்கும் காப்பீட்டு நிறுவனங்கள் தொற்றுநோயைத் தங்கள் பாலிசிகளிலிருந்து எழுதி விலக்கத் தொடங்கின. எல்லாருக்கும் ஒரே மாதத்தில் இழப்பு வரும் ஆபத்தை எந்தக் காப்பீட்டாளரும் மலிவாக ஏற்க மாட்டார்.

ஏற்றவர்களும் எத்தனை நிபந்தனைகளோடு ஏற்றார்கள் என்பதற்கு உலக வங்கியின் பெருந்தொற்றுக் கடன் பத்திரமே சாட்சி. 2017இல் 32 கோடி டாலருக்கு வெளியிடப்பட்ட அந்தப் பத்திரங்களை வாங்கியவர்களுக்கு நல்ல வட்டி கிடைத்தது. பெருந்தொற்று வந்தால் அவர்கள் போட்ட பணம் ஏழை நாடுகளுக்குப் போகும் என்பது ஏற்பாடு. ஆனால் நோய் தொடங்கிப் பன்னிரண்டு வாரம் கடந்திருக்க வேண்டும், மரணங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டியிருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் அடுக்கப்பட்டிருந்ததால், உலகமே முடங்கிய பிறகு, 2020 ஏப்ரலில்தான் 19.58 கோடி டாலர் விடுவிக்கப்பட்டது. 64 நாடுகளுக்குப் பங்கிட்டால் சராசரியாக நாட்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலர். இதற்கு நேர்மாறாகத் தென் கொரியாவைப் பாருங்கள். 2015இல் மெர்ஸ் என்ற சுவாசத் தொற்று அங்கே 186 பேரைத் தாக்கி 38 பேரைக் கொன்றது. அந்த அடிக்குப் பிறகு, அவசர காலத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு விரைந்து ஒப்புதல் தரச் சட்டத்தை முன்கூட்டியே திருத்தி வைத்தார்கள். அதனால் 2020 பிப்ரவரித் தொடக்கத்திலேயே, நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தபோதே, முதல் கொரோனா பரிசோதனைக் கருவிக்கு அங்கே ஒப்புதல் கிடைத்துவிட்டது. தொற்றுக் காலத்துப் பணத்தில், எவ்வளவு வந்தது என்பதைவிட எந்த வாரத்தில் வந்தது என்பதே பெரிது, உங்கள் 6.2 லட்சத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் மருந்துப் பங்கு நிதி தேறாது. அந்தப் பங்குகள் 2020இல் நன்றாக ஏறின என்பது உண்மைதான். ஆனால் 2022இல் இறங்கவும் செய்தன. மேலும், உங்களுக்குப் பணம் தேவைப்படும் வாரமும் சந்தை விழும் வாரமும் ஒன்றாகவே அமையும்: 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. மகனின் படிப்புக்கோ உங்கள் ஓய்வுக் காலத்துக்கோ பத்தாண்டு நோக்கில் பங்கு நிதியில் சேமியுங்கள், மறுக்கவில்லை. ஆனால் தொற்றுக்கான காப்புப் பணத்தை அங்கே வைக்காதீர்கள்.

காப்புப் பணம் எவ்வளவு வேண்டும்? வீட்டுச் செலவு 40,000, தவணை 14,000, கிடங்கு வாடகை 11,000, ஆறு பேருக்கும் பாதிச் சம்பளமாகத் தலைக்கு 8,000 வீதம் 48,000 என்று நான் மதிப்பிட்டால், மாதம் 1,13,000 ரூபாய் ஆகிறது. நான்கு மாதத்துக்கு 4,52,000. இதை ஒரே வைப்புத் தொகையாகப் போடாமல் நான்காகப் பிரித்துப் போடுங்கள். ஒன்றை உடைத்தாலும் மற்றவை வட்டி ஈட்டும். நீங்கள் ஏழு மாதம் சும்மா இருந்தவர் என்பதால் நான்கு போதாது; அடுத்த இரண்டு முகூர்த்தப் பருவங்களின் லாபத்திலிருந்து ஆறு மாதமாக, அதாவது 6,78,000 ஆக உயர்த்துங்கள். சம்பளத்தை ஏன் சேர்த்தேன் என்று நினைக்கலாம். கை தேர்ந்த மாஸ்டரைப் பட்டினி போட்டுவிட்டு, ஊரடங்கு நீங்கிய மறுநாள் புது ஆளை வைத்து ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்க முடியாது.

“2020இல் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்ததே” என்று நீங்கள் கேட்கக் கூடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் அனுமதித்தது; ஆனால் வட்டி ஓடிக் கொண்டுதான் இருந்தது. உங்கள் 10 லட்சம் பாக்கிக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக் கொண்டால், ஆறு மாதம் கட்டாமல் விட்டால் பாக்கி சுமார் 45,850 ரூபாய் கூடும். பிறகு அதே 14,000 வீதம் கட்டிக் கொண்டு போனால் மொத்தத்தில் ஏழு தவணைகளுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய், கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். பின்னர் அரசு விட்டுக் கொடுத்தது வட்டி மேல் வட்டியை மட்டுமே. இந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 850 ரூபாய். தவணைச் சலுகை கடைசிக் கைப்பிடியாக இருக்கட்டும்.

அதே ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் இன்னொரு பாடமும் இருந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை பிணையில்லாமல் கூடுதல் கடன் தரப்பட்டது. அதாவது, ஏற்கெனவே வங்கியில் தொழில் கடன் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. மூன்று வட்டிக்காரரிடம் போனவருக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு 36 சதவீதம் கட்டிய உங்களுக்கு அந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இப்போதே செய்து, தொழில் வரவு செலவை நடப்புக் கணக்கு வழியாகவே நடத்தி, கணக்கில் இருப்பதற்கு மேலும் எடுத்துக் கொள்ள, சிறியதாக ஓர் ஓவர்டிராஃப்ட் வரம்பு வாங்கி வையுங்கள். வேலை நன்றாக ஓடும்போது கேட்டால்தான் வங்கி தரும்.

மருத்துவத்தில் உங்கள் பெரிய ஓட்டை அம்மாதான். நோய்க்கென்றே வரும் பாலிசிக்குக் காத்திருக்காதீர்கள்: கொரோனா கவச் பாலிசி 2020 ஜூலையில்தான் வந்தது, எடுத்த பிறகும் 15 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. முதியவர்களுக்குப் பாலிசி தர 65 வயது வரம்பு இப்போது தடையில்லை; ஆனால் ஆஸ்துமா போன்ற முன்பே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், தள்ளிப் போடும் ஒவ்வோர் ஆண்டும் வீண். விண்ணப்பத்தில் ஆஸ்துமாவை மறைக்காமல் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. உங்கள் மூவருக்கும் 3 லட்சம் போதாது: 2020 ஜூனில் தமிழக அரசு உச்சவரம்பு விதித்த பிறகும் தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 வரை வாங்கலாம் என்றிருந்தது, இருவர் பத்துப் பத்து நாள் படுத்தால் அதிலேயே 3 லட்சம் தீர்ந்துவிடும். 3 லட்சத்துக்கு மேற்பட்ட செலவை ஏற்கும் சூப்பர் டாப்-அப் பாலிசி ஒன்றை மேலே சேர்த்துக் கொள்ளுங்கள். கையுறை, கவச உடை போன்றவற்றைப் பில்லில் கழித்து விட்டதாகக் கொரோனா காலத்தில் பலர் புலம்பினார்கள். அவற்றையும் ஏற்கும் பாலிசியாகப் பார்த்து எடுங்கள். உங்கள் ஆறு பணியாளர்களில் ஆண்டு வருமான வரம்புக்குள் வருபவர்களை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிய வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், உங்களுக்குச் செலவு அரை நாள் விடுப்பு மட்டுமே.

ஆக்சிஜன் செறிவூட்டியை மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். ஓடாமல் மூலையில் கிடக்கும் இயந்திரம், தேவைப்படும் நாளில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. அம்மாவுக்கு ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்; இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைந்த செலவு அதுவாகத்தான் இருக்கும்.

காப்புப் பணம் போக 1,68,000 மிஞ்சுகிறது. பிரீமியங்களை முதலில் கட்டுங்கள். மீதி இருந்தால் பாத்திரம் வாங்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு அணைந்து கிடப்பது உங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. வரும் ஆடி மாதம் முழுவதும் இந்தக் காப்புக் கணக்கிலிருந்து மட்டும் எடுத்து வீட்டையும் ஆட்களையும் நடத்தி, ஒவ்வொரு செலவையும் எழுதிப் பாருங்கள். நான் போட்ட 1,13,000 கூடுதலா குறைவா என்று அந்த நோட்டு சொல்லும், அதைக் கொண்டு ஆறு மாதத் தொகையைத் திருத்திக் கொள்ளுங்கள்.