மச்சான் முகத்துக்காக விடும் சம்பளம்

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஐபிஏ-வில் (வேலைக்கு வருமுன் கிடைக்கும் அனுமதிக் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆனால் 11 மாதமாக பேங்கில் 600-தான் போடுகிறார்கள். ஓடியும் (ஓவர்டைம்) அந்த 600-ஐ வைத்தே கணக்கு, மாதம் 70 மணி நேரம் பார்க்கிறேன். முழுசாக வாங்கியதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் பெர்மிட் முடிகிறது, டிக்கெட் போட்டாச்சு. என்னை எடுத்துவிட்ட அக்கா வீட்டுக்காரர் இங்கேதான் சூப்பர்வைசர், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்கிறார். மனைவி நகையை அடகு வைத்து வந்தவன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா? வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: முடியும் தம்பி. வக்கீலுக்குச் செலவே இல்லை, அங்கே வேலைத் தகராறு தீர்ப்பாயத்தில் இரண்டு பக்கமும் வக்கீல் வரக்கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. மச்சான் சூப்பர்வைசர் என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, அவர் சொன்ன யோசனையைப் பெரியவர் வாக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அந்த யோசனையால் யாருக்கு லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

வேலையில் இருக்கும்வரை ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அது வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷம் கேட்கலாம். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம். நீங்கள் ஊருக்கு வந்து, திருவிழா பார்த்து, வீட்டுக்கு ஓடு மாற்றி, மச்சான் லீவில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆறு மாதம் போன இடம் தெரியாது. தொழிலாளர்களை வைத்து வேலை வாங்குகிற சூப்பர்வைசருக்கு இது தெரியாதா? தெரியாமல் சொல்லியிருந்தால் அந்த யோசனையைக் கேட்க வேண்டியதில்லை, தெரிந்து சொல்லியிருந்தால் கேட்கவே கூடாது.

கணக்கைப் பாருங்கள். 800-க்கு வாரம் 44 மணி நேரக் கணக்கில், ஒன்றரை மடங்கு ஓடி என்றால் மணிக்கு 6 வெள்ளி 29 காசு வரும். 600-க்கு 4 வெள்ளி 72 காசு. அடிப்படையில் 200, ஓடியில் சுமார் 110, ஆக மாதம் 310 வெள்ளி. 11 மாதத்துக்கு 3,400 வெள்ளி! அடகுக்கடையில் இருக்கிற நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் மச்சான் முகம் வாடக்கூடாது என்று 3,400 வெள்ளியை விட்டுவிட்டு விமானம் ஏறப் பார்க்கிறீர்கள்.

வேலைக்கு எடுத்துவிட்டவருக்கு நன்றி வேண்டும்தான். அந்த நன்றியை அக்கா பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் செய்து காட்டுங்கள். அந்தச் சீருக்கும் இந்தப் பணம்தானே வேண்டும்? நகையைக் கழற்றிக் கொடுத்தவளுக்குப் பட்ட கடன் எல்லாவற்றுக்கும் முந்தியது, அவளை விட்டுவிட்டு மச்சான் மரியாதையைப் பார்ப்பதைக் குடும்பப் பாசம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்படாதீர்கள், பேங்க் கணக்கில் 600 விழுந்தது அச்சாகியிருக்கும். ஐபிஏ-வில் எழுதிய சம்பளத்தை நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல், மனிதவள அமைச்சுக்கும் சொல்லாமல் கம்பெனி குறைக்க முடியாது. புதுசாக எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்து வேண்டாம், மச்சானே நீட்டினாலும். ஐபிஏ, பேங்க் ஸ்டேட்மென்ட், டைம் கார்டு, வாட்ஸ்அப்பில் வந்த வேலை மெசேஜ், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பிவிடுங்கள், டார்மிட்டரியில் போன் தொலைந்தாலும் ஊரில் இருக்கும். அப்புறம் புகாரை டாடெம் (TADM) என்கிற சமரச அமைப்பில் பதிய வேண்டும். அங்கே பேசி முடியவில்லை என்றால்தான் தீர்ப்பாயம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வழி தெரியவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 6536 2692-இல் கூப்பிடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். கேஸ் நடக்கும்போது பெர்மிட் முடிந்தாலும் அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுத்துத் தங்கவைக்கலாம், புகாரில் நியாயம் இருந்தால் வேறு முதலாளியிடம் மாறவும் விடலாம். இதையும் உங்கள் மச்சான் சொல்லியிருக்கமாட்டார். புகார் பதியும் முன்பே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனால், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரியிடம் சம்பளப் பாக்கி இருக்கிறது, போக விருப்பமில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு நீங்களே போன் போட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், மச்சான் வாய்வழியாகப் போனால் வேறு கதையாகப் போகும். ஆனால் அதற்கு முன்னால், இன்றைக்கு ராத்திரி வேலை முடிந்து வந்ததும், மனைவியைக் கூப்பிட்டு 600 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.