கலைக்கான காசை முதலில் வெட்டினால் என்ன போகும்? பினாங்கிலிருந்து ஒரு மிருதங்கக்காரனின் பதில்

கேள்வி: மாநில அரசு பணத் தட்டுப்பாட்டில் இருக்கும்போது கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கான ஒதுக்கீட்டைத்தானே முதலில் குறைக்க வேண்டும்? வடிகாலும் சாலையும் முக்கியமா, ஆட்டமும் பாட்டமும் முக்கியமா?

வடிகால்தான் முக்கியம். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மேசைமேல் ஏற்றி வைத்திருந்த மிருதங்கம் மேசையோடு சாய்ந்து மிதந்தது. பலாக்கட்டை பிழைத்துக்கொண்டது. தோல், வார், கரணை எல்லாம் போயிற்று. வெள்ளத் தடுப்புக்குப் போக வேண்டிய காசை நடன வகுப்புக்குக் கொடுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

ஆனால் மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் வார இறுதியில் வகுப்பு நடத்தும் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபம் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் ஏறாத வீட்டுப் பெற்றோர்கள் அங்கே போய் அடுப்பு மூட்டினார்கள். யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தப் பாட்டிக்கு இன்சுலின் வேண்டும், யாரிடம் பெரிய லாரி இருக்கிறது என்பதெல்லாம் டீச்சரின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஏற்கெனவே தெரியும். நாற்பது குடும்பங்கள் பல வருடங்களாக ஒரே தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த பழக்கம் அது. வடிகாலுக்கும் வகுப்புக்கும் போட்டி என்று அதன்பிறகு எனக்குத் தோன்றியதே இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பகலில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. மாலையிலும் வார இறுதியிலும் ஒரு சிறிய பரதநாட்டிய வகுப்புக்கு மிருதங்கம் வாசிக்கிறேன், இருபது வருடமாக. அந்த வகுப்புக்கு வருடத்துக்கு 8,000 வெள்ளி (ரிங்கிட்) மானியம் வந்துகொண்டிருந்தது. தந்த அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு வருடம் "இந்தத் தடவை நிதி இல்லை" என்று ஒரு கடிதம் வந்தது. அந்த வருடம் எங்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

பிள்ளைகள் மாதம் 40 வெள்ளி கட்டுவார்கள். முடியாதவர்களிடம் டீச்சர் கேட்பதில்லை. அந்தக் கட்டணம் டீச்சருக்கும் மின்சாரத்துக்கும் சரியாகப் போய்விடும். மானியப் பணம் எதற்கென்றால் மண்டப வாடகை, வருடாந்தர நிகழ்ச்சிக்கு விளக்கு, ஒலி, பஸ், அப்புறம் வாத்தியக்காரர்களுக்கான சன்மானம். பணம் நின்றதும் மண்டபத்தை விட முடியாது, விட்டால் வகுப்பே இல்லை. பஸ்ஸுக்குப் பதிலாகப் பெற்றோர்கள் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மிச்சம் இருந்தது வாத்தியக்காரர்கள். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் நிறுத்திவிட்டு, பதிவு செய்த இசையைத் தம்ப்டிரைவில் போட்டு ஆடுவது என்று முடிவானது. டீச்சர் அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமே வராது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பதிவில் ஆடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். அதற்கு முந்தைய வருட நிகழ்ச்சியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பதினான்கு வயதுப் பெண் வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு தீர்மானம், அதாவது ஜதிக்கு ஆடும் பகுதி, முடியும் இடத்தில் இடது கால் சலங்கையின் வார் அவிழ்ந்து கணுக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவள் கண்ணில் பயம். ஜதி சொல்லித் தாளம் போடும் நட்டுவாங்கத்தில் இருந்த டீச்சர் தாளத்தை விடாமல் பாடகியைப் பார்த்து ஒரு புருவம் அசைத்தார். பாடகி அதே வரியை மறுபடி எடுத்தார், இன்னும் நிதானமாக. நான் கையைத் தொப்பி எனும் இடப் பக்கம் இறக்கி, சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். அந்தப் பெண் பூப்பறிக்கிற பாவனையில் மெல்ல மண்டியிட்டாள். இரண்டு ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளம் இரண்டு சுற்று முடிவதற்குள், வாரை இழுத்து முடிச்சுப் போட்டு, கையில் பூவோடு எழுந்தாள். முன்வரிசையில் இருந்த அவள் அம்மாவுக்கே தெரியாது. மேடையிலிருந்த நாங்கள் நான்கு பேரும் மூச்சு விட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

தம்ப்டிரைவ் அவளுக்காக நின்றிருக்காது. அவள்தான் அதன் பின்னால் ஓடியிருக்க வேண்டும். எதிரே இருக்கிற மனிதரைப் பார்த்து வாசிப்பது, பார்த்து ஆடுவது, ஒருவர் தடுக்கினால் மற்றவர் தாங்குவது, இதைத்தான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். அடவு, அதாவது அடிப்படை ஆட்ட அசைவு, அதற்கு வழி.

ஆனாலும் அந்த வருடத்தின் பெரிய நட்டம் வேறு. என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தான். பதினேழு வயது. முதல் மூன்று வருடம் ரவையைப் பிசைந்து தொப்பியில் ஒட்டுவது, கல்லும் கட்டையும் எடுத்துக் கொடுப்பது, சுருதி சேர்க்கும்போது காது கொடுப்பது. பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம், தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். எந்த இடத்தில் தட்டினால் சுருதி எவ்வளவு ஏறும் என்பது வாயால் சொல்லிக்கொடுக்க முடியாத விஷயம், உட்கார்ந்து பார்த்துத்தான் வரும். நான்காவது வருடம் சிறு பிள்ளைகளின் உருப்படிகளுக்கு அவனே வாசித்தான். நிகழ்ச்சிக்கு 60 வெள்ளி கொடுப்போம். வீட்டில் "மேளம் தட்டி என்ன ஆகப்போகிறது" என்று கேட்ட அப்பாவிடம் அந்த 60 வெள்ளியை அவன் காட்டுவான். அதுதான் அவனுக்கு அனுமதிச் சீட்டு.

வாத்தியம் நின்ற வருடம் அவனுக்கு மேடை இல்லை. "சும்மா வீட்டுக்கு வா, நான் சொல்லித்தருகிறேன்" என்றேன். ஒரு மாதம் வந்தான். பிறகு உணவு விநியோக வேலையில் சேர்ந்துவிட்டான், மாலை நேரம்தான் அதில் வருமானம். அடுத்த வருடம் மானியம் திரும்பி வந்தது, 5,000 வெள்ளியாக. நான் உடனே போன் செய்தேன். "மாஸ்டர், கை போச்சு மாஸ்டர்" என்றான். போயிருக்காது, ஆறு மாதத்தில் திரும்ப வரும். அவனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

ஒரு சாலையை ஒரு வருடம் போடாமல் விட்டால் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம், பள்ளம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான். கணக்கு எழுதுகிறவர்கள் கலைக்கான வெட்டையும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அந்த ஒரு வருடத்தில் ஓர் ஆள் போனான். அவன் பத்து வருடம் கழித்து எத்தனை பேரை உட்கார வைத்திருப்பான் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கான்சஸ் மாநில ஆளுநர் சாம் பிரௌன்பேக் 2011-ல் மாநிலக் கலை ஆணையத்துக்கான சுமார் 6 லட்சத்து 89 ஆயிரம் டாலரை ரத்து செய்தார். மிச்சம் பிடித்ததாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் அங்கே மத்திய அரசின் கலை நிதி மாநிலத்துக்கு வர வேண்டுமானால் மாநிலத்தில் இயங்கும் ஆணையம் ஒன்று இருக்க வேண்டும், மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். அதனால் வரவேண்டிய மத்தியப் பணமும் கையைவிட்டுப் போனது. அடுத்த வருடமே வேறு பெயரில் ஓர் ஆணையத்தை அமைக்க வேண்டி வந்தது.

புளோரிடாவில் 2024 ஜூனில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 3 கோடியே 20 லட்சம் டாலர் கலை மானியத்தை மொத்தமாகத் தள்ளுபடி செய்தார். அந்த மாநிலத்தின் பட்ஜெட் 116.5 பில்லியன் டாலர். வகுத்துப் பாருங்கள், நூறு டாலருக்கு மூன்று சென்ட்கூட வராது. ஓரிரு விழாக்களின் நிகழ்ச்சிகள் தகாதவை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அடி விழுந்தது இசைக்குழுக்கள், அருங்காட்சியகங்கள், சிறு நாடக அரங்குகள் எல்லாவற்றின் மேலும். ஜெர்மனியில் பெர்லின் மாநிலம் 2025-ஆம் ஆண்டுக்கு கலாச்சார நிதியில் சுமார் 13 கோடி யூரோவை வெட்டியது. பெர்லினில் வெட்டு அறிவிக்கப்பட்டபோது நிதியாண்டு தொடங்கச் சில வாரங்களே இருந்தன. மண்டபமும் ஆளும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர்கள் என்ன செய்வார்கள்?

மலேசியாவுக்கு வருவோம். மாநில அரசுகளின் கை நீளம் கம்மி என்பது எனக்குத் தெரியும். வருமான வரி முழுவதும் மத்திய அரசுக்குப் போகிறது. மாநிலத்துக்கு நிலம், காடு, கனிமம் போன்றவைதான். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அங்கே மாநில அரசே கிடையாது, அந்த ஊர்க் கணக்கு வேறு. பினாங்கில் முதலமைச்சர் யாராக இருந்தாலும் பையில் இருப்பது சின்னத் தொகை. ஆனால் அரசியலமைப்பு மாநிலங்களுக்கு ஒதுக்கிய வருமானங்களில் கேளிக்கை வரியும் ஒன்று. மேடையிலிருந்தும் மாநிலத்துக்குக் காசு போகிறது என்பதை ஒதுக்கீடு பற்றிப் பேசும்போது யாரும் சொல்வதில்லை.

அப்புறம் இந்த ஊர் எதை வைத்துத் தன்னை உலகத்துக்குக் காட்டுகிறது? ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7-ல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்தது. வெறும் கட்டடத்துக்காக மட்டும் கிடைத்த இடம் இல்லை அது, பல இனங்கள் சேர்ந்து வாழ்ந்த பண்பாட்டுக்காகவும் கிடைத்தது. பினாங்கின் போரியா என்ற பாட்டு நாடகம், இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் சிப்பாய்களின் முஹர்ரம் அனுசரிப்பிலிருந்து வளர்ந்தது என்பார்கள். 1885-ல் மாமாக் பூஷி இங்கே தொடங்கிய குழு பங்சாவான் நாடகத்தின் தொடக்ககாலக் குழுக்களில் ஒன்று. குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில் 1833-லிருந்து நிற்கிறது. எல்லாமே ஆள் விட்டு ஆள் வந்தவை.

லெபோ ஆர்மேனியனில் சைக்கிளில் போகும் அக்கா தம்பி ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். எர்னெஸ்ட் ஸகரெவிச் 2012-ல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. மாநில அரசின் ஆதரவோடு 2010-ல் தொடங்கிய விழா அது. அந்தச் சுவருக்கு முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது, பக்கத்துக் கடைகளில் ஐஸ் கச்சாங் விற்கிறது. இதைக் காட்டி "கலைக்குப் போடும் காசு சுற்றுலாவாகத் திரும்பி வருகிறது" என்று நண்பர்கள் வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் நான் அந்த வாதத்தில் சாய்ந்து நிற்க விரும்பவில்லை. அதை ஒப்புக்கொண்டால், சுற்றுலாப் பயணி எட்டிப் பார்க்காத எங்கள் தாமான் மண்டபத்துக்கு ஒரு வெள்ளிகூட நியாயமில்லை என்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு "தெய்யா தெய்" என்று தட்டடவு போடும் ஏழு வயதுப் பிள்ளையை யாரும் படம் பிடிக்க வருவதில்லை. அவள் இந்த ஊர்ப் பிள்ளை, இந்த ஊர் வரிப்பணத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. நூலகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நாம் லாபக் கணக்குக் கேட்பதில்லையே.

சரி, உண்மையாகவே பணம் இல்லை, குறைத்தே ஆக வேண்டும் என்றால்? அப்போதும் வெட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. பெரிய விழாவின் திறப்பு நிகழ்ச்சியில் கூடாரம், பதாகை, பிரமுகர் நாற்காலி, வாணவேடிக்கை என்று போகும் செலவில் கை வையுங்கள். ஆயிரக்கணக்கில் போகும் சின்ன மானியங்களைக் கடைசி வரை தொடாதீர்கள். எங்கள் வகுப்பு போன்ற பத்துக் குழுக்களை நிறுத்தினாலும் ஒரு மேடைச் செலவு மிஞ்சாது. குறைப்பதாக இருந்தால் ஒரு வருடம் முன்னால் சொல்லுங்கள், எங்கள் கடிதம் மார்ச் மாதம் வந்தது, மண்டபத்துக்கு ஜனவரியிலேயே முன்பணம் கட்டியிருந்தோம். பணம் தர முடியாவிட்டால் இடம் தரலாம். வேலை நாள் மாலைகளில் பூட்டிக் கிடக்கும் அரசாங்க மண்டபங்கள் எத்தனை! வாடகை இல்லாமல் சாவி கொடுத்தாலே எங்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், அந்தக் காசில் ஒரு பாடகியையும் ஒரு பையனையும் மேடையில் உட்கார வைக்கலாம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒன்று. மாநில வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் சட்டமன்றத்துக்கு வரும். வந்த பிறகு கத்திப் பயனில்லை, அதற்குள் எண்கள் உறைந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய், உங்கள் வட்டாரத்தில் எந்தெந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், வருடத்துக்கு எவ்வளவு செலவு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் இந்த வருடம் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் 43. மிருதங்கம் பழகுகிறவர்கள் என்ற இடத்தில் 1 என்று எழுதினோம். பத்து வயதுச் சிறுமி, போன மாதம்தான் ரவை பிசையக் கற்றுக்கொண்டாள்.