பனியைத் தட்டிப் பார்த்தால் போதுமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன், பிப்ரவரி மாதம் நண்பர்களுடன் மணாலிக்கு மேலே, பாதை எதுவும் இல்லாத பனிமலையில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு ஏறி இறங்கப் போகிறானாம். "வழிகாட்டி குழி தோண்டி, பனியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விடுவார், கவலைப்படாதீங்க அப்பத்தா" என்கிறான். தட்டினால் என்ன தெரியும்? அதை நம்பலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பேரன் சொல்வது பாதி உண்மை. பழைய வளவு வீட்டைச் செப்பனிட வரும் கொத்தனார், விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்பு மேற்பூச்சு கண்ணாடி போல மின்னினாலும், அடிப்பூச்சோடு ஒட்டாமல் நிற்கும் இடத்தில் ஒலி மாறிவிடும். பிறகு ஒருநாள் அது பாளமாகப் பெயர்ந்து விழும். பனிமலையிலும் ஆபத்து இருப்பது இந்த ஒட்டாத இடத்தில்தான்.

ஒவ்வொரு பனிப்பொழிவும் முந்தையதன் மேல் ஓர் அடுக்காகப் படிகிறது. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்க, மேலே காற்று கடுங்குளிராக இருந்தால், குறிப்பாகப் பனி மெலிதாகக் கிடக்கும் குளிர்காலத் தொடக்கத்தில், அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத, சீனி போன்ற மணிகளாக மாற்றிவிடுகிறது. அதன் மேல் புதுப்பனி விழுந்து, காற்றால் இறுகிப் பாளமாகிவிட்ட பின், ஒரே ஒரு மனிதரின் எடை அந்தச் சீனி அடுக்கை நொறுக்கப் போதும். விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் பரவ, மலைச்சரிவே கழன்று வருகிறது. உயிர்பலி வாங்கிய பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தொடங்கிவைத்தவர்கள், சிக்கியவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான்.

வழிகாட்டி குழியின் சுவரில் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு தூணை நான்கு புறமும் வெட்டிப் பிரித்து, அதன் தலையில் மண்வாரியைக் கிடத்தி, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவார். எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதைவிட, எப்படி உடைந்தது என்பதே முக்கியம்; மேசை இழுப்பறை போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் அது மோசமான அறிகுறி. 90 சென்டிமீட்டர் நீளத் தூணின் ஒரு முனையில் தட்டி, விரிசல் மறுமுனை வரை ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. எனக்கு அதன் மேல்தான் கூடுதல் மதிப்பு, ஏனெனில் மலையைக் கழற்றுவது ஓடுகிற விரிசலே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொத்தனார் சுவர் முழுவதையும் தட்டலாம். மலையில் தட்டுவது ஓரிடத்தில் மட்டுமே. பத்தடி தள்ளிப் பனியின் கனமும் கட்டும் வேறாக இருக்கலாம். ஆகவே தூண் உடைந்தால் திரும்பிவிட வேண்டும். உடையாவிட்டால் போகலாம் என்பது அதன் பொருள் அன்று. சோதனை எதுவும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: சாய்வு எவ்வளவு? பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகளில் தொடங்குகின்றன. ஐயம் வந்த நாளில் 30 டிகிரிக்குக் குறைவான, மேலே செங்குத்துச் சரிவு எதுவும் தொங்காத இடத்தில் மட்டும் சறுக்குபவரே நல்ல வழிகாட்டி. காலடியில் 'தொம்' என்று பனி அமுங்கும் ஒலி கேட்டாலோ, கால் வைத்த இடத்திலிருந்து விரிசல் ஓடினாலோ, அருகில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலோ குழியே தோண்ட வேண்டியதில்லை, உடனே திரும்பிவிட வேண்டும். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் நாளின் காலையில் அதைப் பார்த்தார்களா என்று பேரனிடம் கேளுங்கள்.

கேள்வி: சத்தம் போட்டால் பனி சரியும் என்பது உண்மையா?
– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: இல்லை. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் போதாது. திரைப்படத்தோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: 2016-இல் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த ராணுவ வீரர் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டாரே, பிறகு ஏன் கால் மணி நேரத்தில் மீட்க வேண்டும் என்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: பிப்ரவரி 3 அன்று புதைந்தவர்கள் பத்துப் பேர், அவர்களில் நால்வர் தமிழகத்தவர். உயிருடன் கிடைத்தவர் அவர் ஒருவரே, அவரும் 11 ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். மூச்சுவிட ஓர் இடைவெளி கிடைக்காமல் அத்தனை நாள் தாங்க யாராலும் இயலாது. ஓடிவந்த பனி நின்றவுடன் சுண்ணாம்புக் காரை போல இறுகி, விரலைக்கூட அசைக்க விடாது. கால் மணி நேரத்திற்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன்பின் வாய்ப்பு செங்குத்தாகக் குறைகிறது. அந்த நேரத்திற்குள் வெளியிலிருந்து உதவி வந்து சேர்வது அரிது என்பதால், குழுவில் ஒவ்வொருவரும் உடலோடு கட்டிய சமிக்ஞைக் கருவி, பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்கிறார்கள்.