மாடித் தொட்டிக்கு எந்த மா?

அம்ரபாலி ஒட்டுக்கன்று (வேறொரு கன்றின் தண்டில் இந்த ரகத்தின் குச்சியை ஒட்டி வளர்த்தது) வாங்குங்கள். தசேரி, நீலம் என்ற இரண்டு மா ரகங்களைக் கலந்து டெல்லியில் உருவாக்கிய குட்டை ரகம். வருஷம் தவறாமல் காய்க்கும்.

4 வருஷமாகியும் உங்கள் மா வெறும் இலையாகத் தழைக்கிறது என்றால், அது கொட்டை முளைத்த கன்றாக இருக்கலாம். மண்ணுக்கு ஒரு சாண் மேலே தண்டைத் தடவிப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய இடத்தில் முடிச்சு மாதிரி வீக்கம் இருக்கும், பட்டையின் நிறமும் பெரும்பாலும் அங்கே மாறும். முடிச்சு இருந்தால் அதற்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுவே மேலோங்கி ஒட்டை அமுக்கிவிடும்.

20 அங்குலத் தொட்டி சரி. முதல் வருஷப் பூவை, மனசு கேட்காவிட்டாலும், உதிர்த்துவிடுங்கள். அப்புறம், ஈரமண்ணோடு தொட்டி நல்ல கனம். மாடி நடுவில் வேண்டாம், கீழே சுவரோ தூணோ உள்ள ஓரத்தில் வையுங்கள்.