அரைப்புள்ளி

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வளவில் ஓவியங்கள் வைத்திருக்கிறார்கள் என்று பேத்தி கூட்டிக்கொண்டு போனாள். ஒரு படத்தில் ஆளும் இல்லை, முகமும் இல்லை. வெள்ளைத் துணி முழுக்க வரிசை வரிசையாகச் செங்காவிப் புள்ளிகள். கோலம் போட வந்தவள் புள்ளியை வைத்துவிட்டு இழுக்காமலே எழுந்து போன மாதிரி. பக்கத்து அட்டையில் 'அடையாளம்: சமூகம் மனிதர்களை ஒரே அச்சில் வார்ப்பதைப் பற்றிய படைப்பு' என்று எழுதியிருந்தது. சில புள்ளிகள் பாதிதான் இருந்தன. எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. அவுக தவறியபிறகு நான் அரைப்புள்ளி. படம் என்னைக் கேலி செய்கிறதா, இல்லை நான்தான் இல்லாததை ஏற்றிப் பார்க்கிறேனா? 'உனக்கு என்ன தோணுதோ அதுதான் அப்பத்தா அர்த்தம்' என்கிறாள் பேத்தி. அப்படியென்றால் வரைந்தவருக்கு என்ன வேலை?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சிக்கு,

கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. எது வேண்டுமானாலும் தோன்றலாம் என்றால் அந்தத் துணியை வெள்ளையாகவே மாட்டியிருக்கலாமே. தோன்றுவதற்கும் படத்தில் ஒரு பிடி வேண்டும்.

அந்தப் படத்தின் முன்னால் நானும் அரை மணி நேரம் நின்றேன். (ஒரு பெஞ்சு போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.) முழுப்புள்ளிகளில் சாயம் மெல்லிசாக இருக்கிறது, ஒரே தொடலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாதிப்புள்ளிகளிலோ சாயம் மேடு தட்டி, ஓரத்தில் வெடித்தும் இருக்கிறது. ஒன்று காய்ந்தபிறகு அதன்மேல் இன்னொன்று என்று திரும்பத் திரும்ப அங்கேயே வந்திருக்கிறார். கேலி செய்கிற கை அவ்வளவு நேரம் நிற்காது ஆச்சி.

எனக்குச் சண்டை அட்டையோடுதான். 'ஒரே அச்சில் வார்ப்பது' என்று எழுதியவர் குனிந்து தரையைப் பார்த்திருக்கலாம். அவர் காலடியில் இருந்தது ஆத்தங்குடி டைல்ஸ். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் பூசுவார்கள். பூ கண்ணாடிப் பக்கம் முகம் கவிழ்ந்து கிடக்கும். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்து, கண்ணாடியைப் பிரித்தால்தான் முகம் தெரியும். ஒரே அச்சு, ஒரே ஆள் என்றாலும் ஒன்றில் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், இன்னொன்றில் பச்சை மஞ்சளுக்குள் கசிந்திருக்கும்.

புள்ளிக் கணக்கும் அப்படி ஒரேயடியாகத் திட்டிவிடக் கூடியது இல்லை. பங்களாக்காரருக்கும் ஒரு புள்ளி, அவர் கடையில் கணக்கெழுதியவருக்கும் ஒரு புள்ளி. அது எனக்குப் பிடிக்கும். ஆனால் கல்யாணமே ஆகாதவர்? அவர் அரைகூட இல்லை. படத்தில் வரிசை நடுவே அங்கங்கே வெறுமையாக விட்டிருக்கிறாரே, பார்த்தீர்களா? எனக்கு உங்கள் பாதிப்புள்ளிகளைவிட அந்த இடங்கள்தான் அதிகம் உறுத்தின. கணக்கை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது.

இன்னொன்று. வலது கீழ் மூலையில் புள்ளிகள் நெருங்கி எழுத்து மாதிரி ஆகின்றன. நான் மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போய் 'ராம' என்று படித்தேன், அப்புறம் அது 'சாமி' ஆயிற்று, பிறகு ஒன்றுமே இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையிலும் இந்த விளையாட்டு உண்டு. ஜாதகக் கட்டம் போலவும் ஏட்டுச்சுவடி போலவும் இருக்கும், படிக்கப் போனால் பிடி கொடுக்காது.

ஆனால் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது பணிக்கர் இல்லை, ஒரு பித்தளைச் செம்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கியது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவருடைய விலாசம் (முகவரி இல்லை, குடும்பப் பெயர்) வெட்டியிருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் உளி முனையால் குத்திய புள்ளிகள், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதலெழுத்து பாதி போய்விட்டது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிச் செம்பு, ஒரே மாதிரி அண்டா. விசேஷ வீட்டுக்குக் கொடுத்தது திரும்பி வர வேண்டுமே என்றுதான் பெயரே வெட்டினார்கள். விற்றவருக்கு அது யார் வீட்டுச் செம்பு என்று தெரியவில்லை. எடை போட்டுத்தான் கொடுத்தார்.

நீங்கள் ஏற்றிப் பார்த்தது தப்பில்லை. முடிந்தால் காலையில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்தப் பாதிப்புள்ளிகளின் மேடு நிழல் தட்டும். நான் போனது காலையில் என்பதால்தான் எனக்கே தெரிந்தது.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குச் சீர் வந்த பாத்திரங்களில் எந்தப் பெயரை வெட்டியிருக்கிறார்கள்? அப்பச்சி விலாசம் மட்டுமா, உங்கள் பெயரும் உண்டா?