மியூர் வுட்ஸ் காடும் பசிபிக் கடலும் ஒரே நாளில்: கேள்வி பதில்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் முக்கால் மணி நேரத்தில் மியூர் வுட்ஸ், ரெட்வுட் என்ற வானுயர மரங்களின் காடு. அங்கிருந்து கடல் 3 மைல்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போகும் இடம் இது. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. காட்டில் நடக்க முடியுமா? (சன்னிவேல்)

தாராளமாக முடியும். காடு என்றதும் மேடு பள்ளம் ஏற வேண்டும் என்று நினைக்காதீர்கள். முக்கியப் பாதை ஓடையை ஒட்டி, பெரும்பாலும் சமதளமாகவே போகிறது. நிறைய தூரம் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். ஓடையின் குறுக்கே உள்ள பாலங்களுக்கு எண் உண்டு. இரண்டாம் பாலம் வரை போய்த் திரும்ப அரை மணி, மூன்றாம் பாலம் என்றால் ஒரு மணி. அப்பாவோடு இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். கழிவறை நுழைவாயில் பக்கம் மட்டும்தான், முதலிலேயே போய் வந்துவிடச் சொல்லுங்கள்.

முன்பதிவு செய்யாமல் நேரில் போனால் விடுவார்களா? (ஃப்ரீமான்ட்)

காரில் போனால் விட மாட்டார்கள். 2018 ஜனவரியிலிருந்து பார்க்கிங்குக்கும் ஷட்டில் பேருந்துக்கும் முன்பதிவு கட்டாயம். வெளியே சாலையோரத்தில் நிறுத்தவும் வழியில்லை. பார்க்கிங் கட்டணம் வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். அப்புறம், அங்கே போனில் சிக்னல் கிடையாது. பதிவுச் சீட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கே திறந்துவிடுகிறார்கள், முதல் நேரத்தை எடுங்கள். கூட்டம் வருவதற்கு முன் அந்தக் காட்டின் அமைதியைக் கேட்டால்தான் போனதற்கு அர்த்தம்.

எங்களிடம் கார் இல்லை. ஊபரில் போகலாமா? (சான் பிரான்சிஸ்கோ)

போய்விடலாம். திரும்பும்போது வண்டி கூப்பிட சிக்னல் இருக்காது, அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். நகரத்திலிருந்து படகில் லார்க்ஸ்பர் போய், அங்கிருந்து ஷட்டிலில் போவது மேல். ஷட்டில் எல்லா நாளும் ஓடாது, நாளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஜூலையில் போகிறோம். நடுக் கோடைதானே, ஸ்வெட்டர் தேவைப்படாதே? (டாலஸிலிருந்து வருகிறோம்)

கட்டாயம் வேண்டும். இங்கே ஜூலை, ஆகஸ்டில்தான் கடலோரம் பனிமூட்டம் அதிகம். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வெயிலில் கொதிக்கும். அந்தச் சூடான காற்று மேலே எழும்ப, கடல் காற்று உள்ளே இழுக்கப்படும். கரையோரக் கடல் நீரோ ஆழத்திலிருந்து மேலே வரும் சில்லென்ற நீர். அதன் மேல் வரும் ஈரக் காற்று குளிர்ந்து மூட்டமாகிவிடுகிறது.

இதைப் பார்த்து "ஐயோ, காட்சி போச்சே" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. எனக்கு அந்த மூட்டத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. கோடை முழுக்க இங்கே மழை கிடையாது என்றே சொல்லலாம். அந்த மாதங்களில் இந்த மரங்களைக் காப்பாற்றுவது பனிமூட்டம்தான். உச்சியில் உள்ள இலைகளில் படிந்து, துளித்துளியாகக் கீழே சொட்டி, வேரை நனைக்கிறது. இலைகளும் நேரடியாகக் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. 200 அடி உயரத்துக்கு வேரிலிருந்து நீரை ஏற்றுவது சாதாரண வேலையில்லையே! கடலோரத்தை விட்டு உள்ளே போனால் இந்த மரம் தானாக வளர்வதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூட்டம் இறங்கிய காலையில் காட்டுக்குள் நின்றால், மழையே இல்லாமல் சொட்டுச் சத்தம் கேட்கும். அப்போது ஒரு நிமிடம் நடையை நிறுத்தி அண்ணாந்து பாருங்கள்.

ரெட்வுட் என்றால் நம்ம ஊர் செம்மரமா? நடுவில் கார் புகுந்து போகிற மரம் இங்கேதான் இருக்கிறதா? (சான் ஹோசே)

இரண்டும் இல்லை. ஆந்திரக் காடுகளிலிருந்து கடத்துகிறார்களே, அந்தச் செம்மரம் அவரைக் குடும்பம். ரெட்வுட் ஊசியிலை மர வகை. கட்டை சிவப்பாக இருப்பது மட்டும்தான் ஒற்றுமை. கார் புகும் மரங்கள் வடக்கே வெகு தூரத்தில் இருக்கின்றன, மியூர் வுட்ஸில் இல்லை.

உலகின் மிக உயரமான மரம் இங்கேதான் என்று பையன் சொல்கிறான். சரியா? (டப்ளின்)

இனம் சரி, இடம் தவறு. ஹைபீரியன் என்ற அந்த மரம் 380 அடி. கலிஃபோர்னியா மாநிலத்தின் வட கோடியில், ரெட்வுட் தேசியப் பூங்காவில் இருக்கிறது. இங்கே உள்ள உயரமான மரம் 258 அடி. பெரிய மரங்களுக்கு 600 முதல் 800 வயது.

பையனுக்கு உயரத்தைவிட இந்தக் காடு பிழைத்த கதையைச் சொல்லுங்கள். பழைய ரெட்வுட் காடுகளில் சுமார் 5 சதவீதம்தான் இன்று மிச்சம், மற்றதெல்லாம் வெட்டப்பட்டுவிட்டது. வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் 1905-ல் 45,000 டாலருக்கு இந்த நிலத்தை வாங்கினார்கள். பிறகு ஒரு தண்ணீர் கம்பெனி ஓடைக்கு அணை கட்ட இடத்தைக் கேட்டு வழக்குக்குப் போனது. அதைத் தடுக்க, கென்ட் காட்டை மத்திய அரசுக்கே கொடுத்துவிட்டார். 1908 ஜனவரி 9 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைப் பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். கென்ட் பெயரையே வைக்கலாம் என்றபோது அவர் மறுத்து, இயற்கை ஆர்வலர் ஜான் மியூரின் பெயரைக் கேட்டு வைத்தார். அதே கென்ட், ஆசியர்கள் இங்கே குடியேறுவதை எதிர்த்த அரசியல்வாதியும்கூட. என் பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தேதான் சொன்னேன்.

கடலில் குளிக்கலாமா? சாப்பாடு எங்கே? (மில்பிடாஸ்)

காட்டுப் பாதையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. அதனால் காடு முதலில், கடல் அப்புறம். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் ஸ்டின்சன் கடற்கரையில் சாப்பிடுங்கள்; மேசை பெஞ்சு உண்டு, பார்க்கிங் இலவசம். வெயில் வந்துவிட்டால் கூட்டம் குவியும், மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். போகும் வழியில் மியூர் பீச் ஓவர்லுக் என்ற மேட்டுப் பார்வையிடத்தில் கட்டாயம் இறங்குங்கள். கீழே செங்குத்தாகக் கடல். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் சாம்பல் திமிங்கலம் ஊதும் நீரைப் பார்க்கலாம்.

குளியல் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. மெரினாவில் கால் நனைப்பதுபோல் கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். திடீரென்று ஒரு பெரிய அலை வந்து ஆளை இழுத்துப்போகும். ஸ்டின்சனில் கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், மியூர் பீச்சில் இல்லை. குழந்தை கையை விடவே விடாதீர்கள்.

வளைவுச் சாலையில் மகளுக்கு வாந்தி வரும். (ப்ளெசன்டன்)

முன் சீட்டில் உட்காரும் வயதென்றால் அங்கே உட்காரவையுங்கள். இல்லையென்றால் போனைப் பார்க்க விடாதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

பாயின்ட் ரெயஸ் கலங்கரை விளக்கத்தையும் சேர்த்துவிடலாமா? (ஓக்லாண்ட்)

சேர்க்காதீர்கள். 1870-ல் கட்டியது, 313 படி இறங்கி ஏற வேண்டும். ஸ்டின்சனிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

நாங்கள் போகும் வாரம் முழுக்க மியூர் வுட்ஸில் பார்க்கிங் இடமே இல்லை. வேறு வழி? (குப்பர்டினோ)

உங்களுக்கு சாண்டா குரூஸ் பக்கம்தான் வசதி. ஃபெல்டனில் ஹென்றி கோவெல் பூங்கா. முக்கால் மைல் சுற்றுப்பாதையில் மிகப் பழைய மரங்கள், பாதையும் சமதளம். பக்கத்திலேயே நீராவி ரயில் ஓடுகிறது. முடித்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிவிடலாம்.

கோல்டன் கேட் பாலத்தில் டோல் எப்படிக் கட்டுவது? (டாலஸ்காரரே மறுபடி)

போகும்போது கிடையாது, நகரத்துக்குத் திரும்பும்போதுதான். காசு வாங்க ஆள் நிற்க மாட்டார், நிறுத்தாமல் ஓட்டுங்கள். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடுவார்கள். வாடகைக் காரென்றால் கம்பெனி சேவைக் கட்டணமும் சேர்த்துப் பிடிக்கலாம், வண்டி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.