செடிச்சாறு குடிக்கும் சில பூச்சிகளின் குடல் பாக்டீரியாவுக்கு மரபணுத்தொகுதி (அதன் மொத்த டி.என்.ஏ) ஏன் இவ்வளவு சிறியது?

கேள்வியில் பாதி விடை பூச்சியின் சாப்பாட்டில் இருக்கிறது. செடிச்சாற்றில், புரதம் கட்டத் தேவையான அத்தியாவசிய அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. அவற்றைத் தயாரிக்கப் பூச்சிக்குத் தெரியாது. குடல் பாக்டீரியாவுக்குத் தெரியும்.

ஜப்பானில் சோயா பயிரைத் தாக்கும் ஒரு நாவாய்ப்பூச்சியைப் பாருங்கள். தாய்ப்பூச்சி முட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றின் அடியில் பழுப்பு நிறச் சிறு பொட்டலங்களை ஒட்டிவிடுகிறது. உள்ளே இருப்பது இஷிகவாயெல்லா என்ற பாக்டீரியா. பொரிந்த குஞ்சுகள் முதல் வேலையாக அலகை அந்தப் பொட்டலத்தில் குத்தி உறிஞ்சுகின்றன. சீம்பால் மாதிரிதான்! பொட்டலத்தை எடுத்துவிட்டால் குஞ்சுகள் அதைத் தேடி அலைகின்றன, வளர்ச்சியும் குன்றுகிறது.

இப்படித் தலைமுறைதோறும் சிறு கூட்டமாகவே கைமாறுவதால், பாக்டீரியாவில் நேரும் மரபணு இழப்புகளை இயற்கைத் தேர்வால் முழுமையாகக் களைய முடிவதில்லை. வெளியுலகில் பிழைக்க உதவும் மரபணுக்கள் குடலுக்குள் தேவையும் இல்லை. எனவே நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்துகள் இருக்க, இஷிகவாயெல்லாவில் ஏறக்குறைய ஏழரை லட்சம்தான். ஆனால் அமினோ அமிலம் தயாரிக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன.

எனக்குப் பிடித்த சோதனை 2007இல் வெளியானது. சோயாவில் சரியாகப் பெருகாத நெருங்கிய உறவினப் பூச்சிக்கு இந்தப் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். அதன் முட்டைகள் சோயாவில் நன்றாகப் பொரிந்தன. உறவினப் பூச்சியின் பாக்டீரியாவைப் பயிரைத் தாக்கும் பூச்சிக்குக் கொடுத்தபோது, அதுவே சோயாவில் தடுமாறியது. பயிருக்கு எதிரி பூச்சியா, பாக்டீரியாவா என்று கேட்டால் நான் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.